கருப்பட்டி ஸ்டவுட்டை எந்தப் போட்டிக்கு அனுப்புவது?

அக்கா மகன் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் பக்கம் இருக்கிறான். வார நாட்களில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமையானால் கார் ஷெட்டில் பீர் காய்ச்சும் வேலை. இப்போது அவன் கையில் இரண்டு பீர் தயாராக இருக்கின்றன. ஒன்று கருப்பட்டி போட்ட ஸ்டவுட், அதாவது வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்புப் பீர். உடன்குடிக் கருப்பட்டி, அக்கா பார்சல் கட்டி அனுப்பியது. இன்னொன்று எந்த அலங்காரமும் இல்லாத, வெளிர் மஞ்சள் நிறத்து பிளாண்ட் ஏல். "போட்டிக்கு அனுப்பலாம்னு இருக்கேன் மாமா, எதுக்கு அனுப்பறது?" என்று கேட்கிறான்.

நான் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறை. கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு பீர் ஆலையின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், குடும்பத்தில் பீர் சம்பந்தப்பட்ட கேள்வி எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். போனில் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். சித்தூர், பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து போய் அங்கே இதே வேலையைச் செய்கிற பையன்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகும்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட வேண்டாம். கேரளத்தில் அப்காரி சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது சிறைக்குப் போகிற குற்றம். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு வைனுக்கே எக்ஸைஸ் துறை எச்சரிக்கை விட்டது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம், 1937-ஆம் வருடத்தது. அந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்கே தடை, பீர் எம்மாத்திரம்! கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் வருகிற பைக்குகளைப் பார்த்தால் அந்தத் தடையின் பலன் தெரியும்.

அமெரிக்காவில் கதை வேறு. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுப் பீருக்கு வழி விட்டது. மறு வருடம் பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர். இரண்டு பேர், அதற்கு மேல் என்றால் 200 கேலன். விற்கக் கூடாது, அவ்வளவுதான். போட்டிக்கும் ருசி பார்க்கும் கூட்டத்துக்கும் வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகலாம் என்று மத்திய அரசின் விதியிலேயே எழுதியிருக்கிறது. மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் ஒத்துக்கொண்டன. ஒஹையோவில் அந்தக் கவலை இல்லை.

இனி அவன் கேள்விக்கு வருவோம். அவனுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது: நாடு தழுவிய பெரிய போட்டி, உள்ளூர் பீர் கிளப் நடத்தும் சின்னப் போட்டி, வந்தவர்கள் குடித்துப் பார்த்து ஓட்டுப் போடும் திருவிழாப் போட்டி, எதற்கும் அனுப்பாமல் கிளப் கூட்டத்துக்கு மட்டும் கொண்டு போய்க் கருத்துக் கேட்பது. எது நல்லது என்பது எதற்காக அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. பதக்கத்துக்கு என்றால் ஒரு பதில், பீர் தேற வேண்டும் என்றால் வேறு பதில். நான் இரண்டாவது கட்சி. நண்பர்கள் சொல்லும் கருத்தை வைத்து ஒரு காரியமும் ஆகாது. ஓசியில் கிடைத்த பீரை எவனாவது குறை சொல்வானா? பெயரும் முகமும் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்து, குடித்து, எழுதித் தருகிற தாள் இருக்கிறதே, அதற்காகத்தான் நுழைவுக் கட்டணம் கட்டலாம்.

அந்தத் தாளை முதலில் பார்த்துவிடலாம். அங்கே பீர் ஜட்ஜ் சர்ட்டிஃபிகேஷன் புரோகிராம், சுருக்கமாக பி.ஜே.சி.பி., என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1985-இல் தொடங்கியது. பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துத் தரம் பிரிப்பதும், எந்த வகைப் பீர் எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் எழுதி வைப்பதும் அதன் வேலை. அதன் அங்கீகாரம் உள்ள போட்டி என்றால் மதிப்பெண் தாள் இப்படி இருக்கும்: மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10.

இந்தக் கணக்கை உற்றுப் பார்த்தாலே பாதி புத்தி வந்துவிடும். என் மருமகன் பிளாண்ட் ஏல் கண்ணாடி மாதிரி தெளிய வேண்டும் என்று ஜெலட்டின் போட்டு, குளிரவைத்து, வாரக்கணக்கில் காத்திருக்கிறான். தோற்றம், நிறம், நுரை எல்லாம் சேர்த்தே மூன்று மதிப்பெண்தான். வாசனை அதைப்போல நாலு மடங்கு. மூக்குக்குப் போகிற விஷயத்தில் காட்ட வேண்டிய அக்கறையில் பாதியைக்கூடக் கண்ணுக்குப் போகிற விஷயத்தில் காட்ட வேண்டியதில்லை.

45 அல்லது அதற்கு மேல் வாங்கினால் உலகத்தரம். 38 முதல் 44 வரை அருமை. 30 முதல் 37 வரை மிக நல்ல பீர், சின்னச் சின்னக் குறைகளோடு. 21 முதல் 29 வரை நல்லது, ஆனால் எங்கோ பிசகு. முதல் தடவை அனுப்புகிறவர்கள் 28, 29 என்று வந்தால் நொந்து போகிறார்கள். பள்ளிக்கூடத்து 60 சதவீதம் போல அதைப் படிக்கக் கூடாது. இரண்டு நடுவர்களும் தனித்தனியாக எழுதிவிட்டு, மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இருந்தால் பேசி, கிட்டக்கிட்டக் கொண்டு வருவார்கள். ஏழுக்கு மேல் இடைவெளி விடுவதில்லை என்பது பொதுவான வழக்கம்.

ஆனால் எண்ணை விட எழுத்துதான் முக்கியம். அவனுடைய கிளப் நண்பர் ஒருவருக்கு வந்த தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். வாசனைக் கட்டத்தில் கிறுக்கலான கையெழுத்தில்: திறந்ததும் மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசம், ரொட்டி ஓரம், பின்னால் லேசாக வெண்ணெய், கோப்பை சூடேற ஏற வெண்ணெய் கூடுகிறது. கீழே கடைசி வரியில்: ஈஸ்ட்டிலிருந்து சீக்கிரம் பிரித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் சற்று வெதுவெதுப்பாக விட்டுப் பாருங்கள். இந்த இரண்டு வரிக்கு நான் முழுக் கட்டணத்தையும் தருவேன். அந்த வெண்ணெய் வாசம் டையசெட்டில் என்கிற பொருளால் வருவது. நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விட்டதிலிருந்து உருவாகி, அதே ஈஸ்ட் பிறகு தின்று தீர்ப்பது. அவசரப்பட்டுக் குளிரவைத்தால் தின்ன ஆள் இல்லாமல் அப்படியே தங்கிவிடும்.

போட்டிக்கு அனுப்பும் முன் இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, ஆலைகளிலும் செய்வதுதான். பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி மூடுங்கள். ஒன்றைச் சுடுதண்ணீரில், 60 முதல் 70 டிகிரிக்குள், இருபது நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து முகருங்கள். சூடு காட்டியதில் மட்டும் வெண்ணெய் வாசம் வந்தால், பீர் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இன்றைக்கு நன்றாக இருக்கிற பீர், பாட்டிலில் போய் நடுவர் மேசைக்குச் சேர்வதற்குள் வெண்ணெயாகிவிடும். பாட்டிலில் அடைக்காமல் விட்டு வையுங்கள்.

சரி, இப்போது நாலு வழிகளுக்கு வருவோம்.

கடைசி வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிளப் கூட்டத்துக்குக் கொண்டு போவதற்குச் செலவு இல்லை, அதே ராத்திரி பதில் கிடைக்கும், எதிரில் நிற்கிறவரிடம் திருப்பிக் கேள்வியும் கேட்கலாம். அங்கே சான்றிதழ் பெற்ற நடுவர் ஒருவர் வருகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. குறை ஒன்றே ஒன்று: அது உன் பீர் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டிக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. போட்டிக்குப் பதிலாகச் செய்தால் கிடைப்பது பாதிப் பலன்தான்.

ஓட்டுப் போடும் திருவிழாவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஜாலியான விஷயம். சின்னச் சின்னக் கோப்பையில் இருபது முப்பது பீர் ருசித்துவிட்டு, பிடித்த மேசையில் டோக்கன் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் பத்தாவது கோப்பைக்கு மேல் நாக்கு மரத்துவிடும். அப்புறம் ஜெயிப்பது எது? இனிப்பாக இருப்பது, மணமாக இருப்பது, பெயரே வித்தியாசமாக இருப்பது. கருப்பட்டி ஸ்டவுட்டில் கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டு, "எங்க ஊர்ப் பனைமரத்துச் சர்க்கரை" என்று மருமகன் வாயாலேயே கதை சொன்னால், கண்டிப்பாக டோக்கன் விழும். பிளாண்ட் ஏலை அங்கே சீந்த ஆள் இருக்காது. அன்றைக்குச் சந்தோஷம் உண்டு. மறுநாள் காலையில் அடுத்த ஈட்டில் என்ன மாற்றுவது என்று கேட்டால் பதில் கிடையாது. டோக்கன் பேசாது.

பெரிய போட்டி என்றால் அமெரிக்கன் ஹோம்புரூவர்ஸ் அசோசியேஷன் நடத்தும் தேசியப் போட்டிதான். சங்கம் 1978-இல் தொடங்கியது, போட்டி 1979-லிருந்து நடக்கிறது. அதில் ஜெயித்தால் வீட்டுப் பீர் உலகத்தில் மரியாதையே தனி. ஆனால் முதல் தடவை அனுப்புகிறவனுக்கு அது சரிவராது என்பது என் கட்சி. கட்டணம் அதிகம். ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் குவிந்திருப்பார்கள். வருடக்கணக்கில் ஒரே பீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கைதேர்ந்தவர்கள். முதல் சுற்று, பிறகு மாதக்கணக்கில் இடைவெளி, பிறகு இறுதிச் சுற்று. இறுதிக்குத் தேறினால் புதிதாகப் பாட்டில் அனுப்ப வேண்டும். அதற்காகச் சிலர் அதே பீரைத் திரும்பக் காய்ச்சுகிறார்கள். திரும்பக் காய்ச்சினால் அதே சுவை வரும் அளவுக்குக் கை படிந்தவர்களுக்கு அது சரி.

அனுப்பி வைப்பதிலும் ஒரு சிக்கல். அமெரிக்கத் தபால் துறை மதுவை ஏற்காது. தனியார் கூரியர் நிறுவனங்களும் உரிமம் உள்ள வியாபாரிகளிடமிருந்துதான் மதுப் பார்சல் வாங்குவதாக விதி வைத்திருக்கின்றன. பலர் எப்படியோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்த வழியை நான் சொல்லித் தரப் போவதில்லை. வேலையும் விசாவும் உள்ள பையன் அதில் விளையாட வேண்டாம். போதாததற்குப் பார்சல் வேனின் சூட்டில் கிடந்து குலுங்கிப் போகிற பீர் எந்த நிலையில் மேசைக்கு வரும் என்பதும் இருக்கிறது. போட்டிக்குப் பாட்டில் சேகரிக்கும் கடை ஊரிலேயே இருந்தால், அங்கே நேரில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

அதனால்தான் உள்ளூர் கிளப் போட்டி. கட்டணம் ஒரு பீருக்குப் பெரும்பாலும் 10 டாலர் அக்கம்பக்கம். காரில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம். பாட்டில் கொடுத்த சில வாரத்துக்குள் நடுவர் மேசைக்குப் போய்விடும். வரும் பீர் குறைவாக இருப்பதால் நடுவர்களுக்கு எழுத நேரம் இருக்கும். பெரிய போட்டிகள் சிலவற்றில் டிக் அடித்துக் கொடுக்கும் சுருக்கத் தாள்தான் கிடைக்கும். வரி வரியாக எழுதிய தாள் வேண்டுமானால் சின்ன இடமே மேல். நடுவரின் தரமும் தாளிலேயே இருக்கும். பயிற்சியில் இருப்பவர், ரெகக்னைஸ்டு, செர்டிஃபைடு, நேஷனல், மாஸ்டர் என்று ஏறிக்கொண்டே போகும். பதக்கம் வாங்கும் வாய்ப்பும் கூடத்தான். ஆள் குறைந்த பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள், அதில் மூன்று பரிசு. ஆனால் தரம் இல்லை என்றால் முதல் பரிசைக் கொடுக்காமலே விடுகிற போட்டிகளும் உண்டு.

சின்னப் போட்டியின் குறையையும் சொல்ல வேண்டும். நடுவர் பற்றாக்குறை. கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவரைக் கூட அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு தாள் நன்றாக, இன்னொன்று "நல்ல பீர், வாழ்த்துகள்" என்று மட்டும் வரலாம். அப்படி வந்தால் அந்த இரண்டாவது தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

எந்தப் போட்டி என்று முடிவாகிவிட்டால் அடுத்தது எந்தப் பிரிவு. இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

பிரிவு என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்கவே வேண்டாம். காலையில் இறக்கிய இளங்கள்ளைத் தேடி வருகிறவனுக்கு மூத்த கள்ளைக் கொடுத்தால் புளித்துப் போச்சு என்று முகம் சுளிப்பான். மூத்த கள்ளுக்கு வந்தவனுக்கு இளசைக் கொடுத்தால், இது என்னடா சர்க்கரைத் தண்ணி என்பான். கள் இரண்டிலும் குற்றம் இல்லை. பீர் நடுவரும் அப்படித்தான். கையில் இருக்கும் பீர் நன்றாக இருக்கிறதா என்பதோடு, நீ எழுதிக் கொடுத்த பிரிவுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார். அருமையான பீர் தப்பான பிரிவில் போய் 27 வாங்கிக்கொண்டு வரும்.

பிளாண்ட் ஏலுக்குக் குழப்பமே இல்லை, பிளாண்ட் ஏல் பிரிவு, பி.ஜே.சி.பி. இலக்கணத்தின் எண்படி 18ஏ. ஸ்டவுட்டுக்கு மூன்று கதவு திறந்திருக்கிறது. ஒன்று, மாற்றுச் சர்க்கரைப் பீர் என்கிற 31பி. தேன், வெல்லப்பாகு, மேப்பிள் சிரப் எல்லாம் போட்ட பீர்கள் வருமிடம். இரண்டு, ஏலக்காயோ சுக்கோ போட்டால் மசாலாப் பீர்கள் வரும் 30. மூன்று, கருப்பட்டியைப் பற்றி மூச்சே விடாமல் ஏதாவது ஸ்டவுட் பிரிவு.

மருமகன் ஆசைப்படுவது 31பி. கருப்பட்டி போட்டிருக்கிறேன், கருப்பட்டிப் பிரிவில்தானே போட வேண்டும் என்கிறான். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விதி சொல்வது வேறு: போட்ட பொருளின் குணம் குடிக்கும்போது தெரிந்தால்தான் அந்தப் பிரிவு, தெரியாவிட்டால் அடிப்படைப் பீர் எதுவோ அதில் போடு. பாத்திரத்தில் என்ன போட்டாய் என்பது நடுவருக்குப் பொருட்டில்லை, கோப்பையில் என்ன மிஞ்சியது என்பதுதான்.

கருப்பட்டி விஷயத்தில் இது வம்பு பிடித்த கேள்வி. பதநீர் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள், பிறகு காய்ச்சி அச்சில் ஊற்றினால் கருப்பட்டி. அதில் பெரும்பங்கு சாதாரணச் சர்க்கரையேதான். ஈஸ்ட் அதை ஒரு துளி விடாமல் தின்றுவிடும். கருப்பட்டி போட்டால் பீர் இனிக்கும் என்று நினைக்கிறார்கள். இனிப்பது கிடக்கட்டும், பீரின் உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், மெலிந்து வறட்சியாகத்தான் வரும். மிஞ்சுவது கருகிய சர்க்கரை, லேசான புகை, கொஞ்சம் ரம் சாயல். அதுவும் கொதி முடியும் தறுவாயில் போட்டால் நிற்கும். ஆரம்பத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். வறுத்த மால்ட் நிறைய இருக்கிற கறுப்புப் பீரில், காப்பி, கோகோ வாசங்களுக்கு நடுவே இந்த மென்மையான வாசம் தனித்துத் தெரியுமா?

அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது இதன் முந்தைய ஈட்டைக் குடித்துப் பார்த்தேன். நுரை பழுப்பு, அடர்த்தி, கிளாஸ் ஓரத்தில் வளையம் வளையமாக ஒட்டி நின்றது. மூக்கில் முதலில் வந்தது பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை. அடுத்து வறுத்த வாசம். விழுங்கிய பிறகு, மூச்சை மூக்கு வழியாக வெளியே விடும்போதுதான் கருப்பட்டி எட்டிப் பார்த்தது. அதுவும் எனக்கு. சின்ன வயசிலிருந்து சுக்குக் காப்பியில் கருப்பட்டி குடித்து வளர்ந்த மூக்குக்கு அது உடனே பிடிபடும். ஒஹையோவில் இருக்கும் நடுவர் கருப்பட்டியை வாழ்நாளில் முகர்ந்திருக்க மாட்டார். "பனைச் சர்க்கரை" என்று எழுதிக் கொடுத்தால் அதைத் தேடுவார், கிடைக்காது, ஸ்டவுட் நன்றாக இருக்கிறது ஆனால் சர்க்கரை தெரியவில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பார். அவர் மேல் தப்பும் இல்லை.

இதற்கு நான் சொல்லும் இடம் 16சி, டிராபிகல் ஸ்டவுட். இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. வெயில் நாடுகளில் காய்ச்சிய ஸ்டவுட்டுகளுக்கான பிரிவு. கரீபியன் தீவுகளின் பீர்களோடு நம் பக்கத்து இலங்கையின் லயன் ஸ்டவுட்டையும் அந்த இலக்கணத்தில் உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஆல்கஹால் 5.5 முதல் 8 சதவீதம். உலர்பழ வாசம், வெல்லப்பாகு, ரம் சாயல், வறுத்த கசப்பு மிதமாக, இனிப்பு சற்றுத் தூக்கலாக. கருப்பட்டி தரக்கூடிய அத்தனையும் இந்தப் பிரிவில் எதிர்பார்க்கிற குணங்கள். கருப்பட்டி என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அது பீருக்குள் கரைந்து வேலை செய்தால் போதும். இனிப்பு மட்டும் கவனிக்க வேண்டும். கருப்பட்டி வறட்சியாக்கிவிடுவதால், இனிப்பு தரும் கிரிஸ்டல் மால்ட் கொஞ்சம் கூட்டி உடம்பைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். இந்த ஈட்டில் அதைச் செய்திருப்பதாகச் சொன்னான்.

ஏலக்காய்க் கதவை நான் சாத்தச் சொல்லிவிட்டேன். மசாலாப் பிரிவுக்குள் கூடுதல் சர்க்கரை சேர்ந்த பீருக்கென்றே தனி உட்பிரிவு இருக்கிறது, விதிப்படி தப்பில்லை. ஆனால் ஏலக்காய் கொஞ்சம் தப்பினால் பாயசம்தான். முதல் தாளில் ஏலக்காய் பற்றியே எழுதிவிட்டு, அடியில் இருக்கும் ஸ்டவுட் எப்படி என்று யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அக்காவுக்குத்தான் வருத்தம், ஏலக்காயும் அவள் அனுப்பியது.

பத்து டாலர் கூடச் செலவு பண்ண மனசிருந்தால் ஒரு வேலை செய்யலாம். போட்டி விதி அனுமதித்தால், ஒரே ஸ்டவுட்டை 16சி-யிலும் 31பி-யிலும் போடலாம். உட்பிரிவு வேறாக இருந்தால் பல போட்டிகள் ஒத்துக்கொள்கின்றன. இரண்டு ஜோடி நடுவர்கள், நாலு தாள், ஒரே பீர். கருப்பட்டி வெளியே தெரிகிறதா இல்லையா என்ற சண்டை எனக்கும் அவனுக்கும் நடுவில் ஓய்ந்துவிடும். 31பி-யில் போடும்போது விளக்கக் கட்டத்தில் கதை எழுதக் கூடாது. பனைமரம், பாட்டி வீடு ஒன்றும் வேண்டாம். அடிப்படை: டிராபிகல் ஸ்டவுட், சர்க்கரை: பனங்கருப்பட்டி, எதிர்பார்க்க வேண்டியது: கருகிய சர்க்கரை, ரம். இவ்வளவு போதும். புகை என்று எழுதவே கூடாது. எழுதிவிட்டால் அதைத் தேடுவார்கள். கோப்பையில் நிச்சயமாக இருப்பதை மட்டும் எழுது, சந்தேகம் இருப்பதை விட்டுவிடு.

பிளாண்ட் ஏலை அவன் போட்டிக்கே அனுப்ப விரும்பவில்லை. அதில் என்ன இருக்கிறது மாமா, வெறும் பீர் என்கிறான். நான் அதைத்தான் முதலில் அனுப்பு என்கிறேன். ஸ்டவுட்டில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. வறுத்த மால்ட்டும் கருப்பட்டியும் எத்தனையோ குறையை மூடிவிடும். பிளாண்டில் மூட ஒன்றும் கிடையாது. ஈஸ்ட்டைச் சரியாகக் கையாளவில்லை என்றால் பச்சை ஆப்பிள் வாசம், காற்றுப் பட்டால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், சுத்தம் போதாவிட்டால் புளிப்பு, எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். அவன் கையில் என்ன குறை என்று கண்டுபிடிக்க அந்தத் தாள்தான் உதவும். அதில் 30 வாங்கினால் ஸ்டவுட்டில் 35 வாங்கியதை விட நான் சந்தோஷப்படுவேன்.

பாட்டில் விஷயம் சுருக்கமாக. 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லி பாட்டில்தான் வழக்கம். பழுப்புக் கண்ணாடி, பச்சையையும் சில இடங்களில் ஏற்பார்கள், வெளிச்சம் பட்டால் நாறிவிடும் என்பதால் நான் தொட மாட்டேன். மூடியில் எழுத்தோ படமோ இருக்கக் கூடாது, கண்ணாடியில் எந்த அடையாளமும் கூடாது. பிரிவு விவரம் எழுதிய சீட்டைப் பாட்டிலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும், பசை வேண்டாம். ஒரு பீருக்கு இரண்டு அல்லது மூன்று பாட்டில் கேட்பார்கள். ஒன்று முதல் சுற்றுக்கு, மற்றது பரிசுச் சுற்றுக்கு.

பாட்டிலிலேயே சர்க்கரை போட்டு வாயு ஏற்றுவதா, கெக்கிலிருந்து (பீர் பீப்பாயிலிருந்து) நிரப்புவதா என்பதில் மருமகனுக்குக் கெக்தான் பிடிக்கும். அடியில் மண்டி இருக்காது, சீக்கிரம் ஆகும். ஆனால் நிரப்பும்போது காற்று புகும், வாயு கொஞ்சம் போகும். கெக்கிலிருந்து எடுப்பதானால் பாட்டிலைக் கார்பன் டை ஆக்சைடு விட்டுக் காற்றை விரட்டிவிட்டு, நுரை வாய்வரை பொங்கி நிற்கும்போது அதன் மேலேயே மூடியை அழுத்த வேண்டும். ஸ்டவுட்டைப் பொறுத்தவரை பாட்டிலிலேயே வாயு ஏற்றச் சொன்னேன். உள்ளே இருக்கும் ஈஸ்ட், புகுந்த ஆக்சிஜனில் கொஞ்சத்தையாவது தின்றுவிடும், பீர் நாள்பட நிற்கும். லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை போதும். இந்த இடத்தில் கருப்பட்டியைப் போட்டுவிடாதே என்று தனியாகச் சொன்னேன். ஈரம் கட்டிக்குக் கட்டி மாறும், கடையில் விற்பதில் வெள்ளைச் சர்க்கரைக் கலப்பும் உண்டு. ஒரு பாட்டில் சப்பென்று இருக்கும், அடுத்தது கூரைக்குப் பாயும்.

அப்படியானால் தேசியப் போட்டி? உள்ளூர்த் தாளைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் யோசிக்கலாம். அப்போதும் ஸ்டவுட்டை மட்டும்தான். கறுப்புப் பீர், கொஞ்சம் கூடுதலான ஆல்கஹால், சில மாதம் காத்திருந்தால் கெடாது. பிளாண்டுக்கு அந்த ஆயுள் கிடையாது.

இந்த வருடத்துக்கு அவனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: உள்ளூர் கிளப் போட்டி, நேரில் கொண்டு போய்க் கொடுப்பது. பிளாண்ட் ஏல் 18ஏ-யில். ஸ்டவுட் 16சி-யில். மனசு கேட்காவிட்டால் 31பி-யிலும் ஒன்று. ஒவ்வொரு பீரிலும் அதே நாளில் அடைத்த ஒரு பாட்டிலைக் குடிக்காமல் பிரிட்ஜில் எடுத்து வைக்க வேண்டும். தாள் வந்த அன்றைக்கு அதைத் திறந்து, நடுவர் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே குடிக்க வேண்டும். வெண்ணெய் என்று எழுதியிருந்தால் அந்த வாசத்தை மூக்கு அன்றைக்கே கற்றுக்கொள்ளும். அந்த ஒரு பாட்டில் இல்லை என்றால் தாள் வெறும் காகிதம்தான். நண்பர்கள் வந்தால் முதலில் காலியாவது அதுவாகத்தான் இருக்கும் என்பதால், பிரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.